நிற்கிற காரின் பெருமை

ஓடுகிற காரைப் பற்றிப் பீற்றிக்கொள்ள இந்தக் கோயமுத்தூரில் ஆயிரம் பேர் உண்டு. நிற்கிற காரைப் பற்றிப் பீற்றிக்கொள்ள நான் ஒருத்தன்தான். கணபதிப் பக்கம் எந்தப் பட்டறையில் போய் வெள்ளிங்கிரி என்று கேட்டாலும் சொல்வார்கள். என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

என் கார் சின்னது, சிவப்பு. கம்பெனிப் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் தொழில் ரகசியம் கேட்டு வாசலில் வந்து நிற்பார்கள். பார்த்தால் பால் வாங்கவும் காய் வாங்கவும் போகிற வண்டி மாதிரிதான் இருக்கும். போய்க்கொண்டிருந்ததும் அதற்குத்தான். ஆனால் பானெட்டைத் திறந்தால் உள்ளே புலி. பம்ப்செட் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அந்தப் புலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எழுப்பினேன். ஃபில்டரை மாற்றினேன், சைலன்சரை மாற்றினேன், லேப்டாப்பைச் செருகி இஞ்சினின் மூளையையும் மாற்றினேன். வண்டி பறந்தது. நிற்பதை மட்டும் மறந்துவிட்டது.

போன சித்திரையில் என் சேக்காளிகள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மருதமலைக்குப் போனேன். ஒருத்தன் கிட்டுச்சாமி, மலை ரூட்டிலேயே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். இன்னொருத்தர் அந்தோணிராஜ் வாத்தியார், பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுத்தவர். இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த கிட்டுச்சாமி, தன் கால் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துச் செருப்பு வாரை அறுத்துக்கொண்டான். பின்னால் வாத்தியார் மாதாவைக் கூப்பிட்டு, அது போதாமல் மருதமலை முருகனையும் கூப்பிட்டார். கடைசியில் எங்களை நிறுத்தியது அடிவாரத்தில் குவித்து வைத்திருந்த இளநீர்க் குலைகள். அன்றைக்கு இருவரும் கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார்கள்: செத்தாலும் என் வண்டியில் ஏறுவதில்லை, ஏறினால் சாவோம் என்பதால்.

அதற்குப் பிறகுதான் பிரேக்கை மாற்றினேன். மாற்றியும் ஒருத்தர்கூட ஏறவில்லை. போன வாரம் என் சம்சாரம் நாகமணி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"கொடிக் கம்பம் மழைக்குச் சாஞ்சு வாரமாச்சு. துணி காயப் போட வழியில்ல. அதை நட உங்களுக்குக் கை வரல. காருக்கு உறை மாட்ட மட்டும் விடியறதுக்குள்ள எந்திரிச்சுக்கறீங்க. வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது, ஏறி உக்கார ஒரு ஆள் இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க சேக்காளிக ரெண்டு பேரும் அதுல நம்பி ஏறி உக்காந்தாங்கன்னா வண்டி இருக்கட்டும். இல்லீன்னா பல்லடத்துல இருந்து என்ற தம்பி லாரியோட வந்து தூக்கிட்டுப் போகட்டும். கோழித் தீவனம் ஏத்த அவனுக்கு வண்டி வேணுமாம்."

கோழித் தீவனம்! புலி முதுகில் கோழித் தீவனம்! அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நல்லவேளையாக அன்றைக்கே கோத்தகிரியில் எங்கள் மூன்று பேருக்கும் வேண்டியவன் வீட்டுக் கல்யாண வரவேற்பு. காலையில் சுலோச்சனாவின் பேக்கரியில் கூடினோம். கிட்டுச்சாமி மடிப்புக் கலையாத வேட்டியோடு தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"பத்தே காலுக்கு மேட்டுப்பாளையம் பஸ்," என்றான் கிட்டுச்சாமி.

"பஸ் எதுக்கு? என்ற வண்டி இருக்கு," என்றேன்.

இருவரும் ஒன்றாகக் கும்பிட்டார்கள்.

"கும்பிடாதீங்க, கேளுங்க. ஆயுத பூஜையன்னைக்குப் புது பிரேக் போட்டேன். பட்டறை அய்யாவு என்ற வீட்டு வாசலுக்கே வந்து மாட்டிக் குடுத்தான். சந்தனம், குங்குமம், சூடம், நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம்னு பூஜை அமர்க்களமா நடந்துச்சு. சக்கரத்தைப் பிடிக்கற டிஸ்க் தட்டு, பழசு எவ்வளவு அகலம் இருந்துச்சு? ஆப்பச் சட்டி. இப்ப எவ்வளவு? கல்யாண வீட்டு தோசைக்கல்!"

"தோசைக்கல்லு சக்கரத்துக்குள்ள எப்படிடா போகும்?" என்றான் கிட்டுச்சாமி.

"சக்கரம்தான் அதுக்குள்ள போயிருக்கு. பழைய தேர் அச்சு ஒண்ணை உருக்கி வார்த்தது. தேர் எப்படி நிக்கும்? ஊரே இழுத்தாலும் நினைச்ச இடத்துலதான் நிக்கும். அந்தப் புத்தி இரும்புலயே ஊறியிருக்கு."

"பிரேக் குழாயில சிக்கின காத்தை எடுத்தாச்சா?" என்றான் அவன். தொழில்காரன் புத்தி.

"எடுத்தாச்சான்னா கேக்கறே? அய்யாவு எடுத்த எடுப்புல பிரேக் குழாயில இருந்த காத்து தீந்து, டயர்ல இருந்த காத்தும் வந்து, பக்கத்து வீட்டுப் பையனோட பலூனும் சூம்பிப் போச்சு."

சுலோச்சனா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்ணா, அப்புறம் ஓட்டிப் பாத்தீங்களா?"

"வா அம்மிணி, கேக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். மொத மொதல்ல காலையில லட்சுமி மில் சிக்னல் பக்கம் போனேன். வெயில் முதுகுக்குப் பின்னாடி, என்ற காரோட நிழல் முன்னாடி விழுகுது. சிவப்பு விளக்கு. பிரேக்கைத் தொட்டேன். மிதிக்கல, தொட்டேன். கார் நின்னுச்சு. நிழல் நிக்கல. அது பாட்டுக்கு நாலு முழம் முன்னாடி போயிட்டு, திரும்பிப் பாத்து, கூச்சப்பட்டுக்கிட்டே பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு."

வாத்தியார் டீயைக் கீழே வைத்தார். "ஒளி நேர்கோட்டில்தான் செல்லும், வெள்ளிங்கிரி."

"செல்லட்டும் வாத்தியாரே, நான் தடுக்கல. நிழல் பத்திப் பேசறேன் நான். அங்க நின்ன போலீஸ்காரர் கையில வேகம் பாக்கற மிஷின் இருந்துச்சு. என்ற வண்டியைப் பாத்துப் பிடிச்சார். மைனஸ்ல காட்டுச்சு! தட்டிப் பாத்தார், உதறிப் பாத்தார், மைனஸ்தான். மைனஸ் வேகத்துக்கு அபராதம் போடச் சட்டத்துல இடம் இல்லீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிச்சார்."

"அந்தப் போலீஸ்காரர் பேர் என்ன?" என்றான் கிட்டுச்சாமி.

"பேட்ஜைப் பாக்கறதுக்குள்ள அதுவும் என்ற பிரேக்குல கழண்டு விழுந்துடுச்சு."

சுலோச்சனா சிரித்துக்கொண்டே இன்னொரு டீ நீட்டினாள். கிட்டுச்சாமி சிரிக்கவில்லை. அவன் சிரிக்காதது எனக்கு லாரிச் சத்தம் மாதிரி கேட்டது. பல்லடத்திலிருந்து மச்சினன் இந்நேரம் கிளம்பியிருப்பான். விடக்கூடாது என்று அடுத்த கியருக்கு மாற்றினேன்.

"மறுநாள் போசிப் பாத்திரம் நிறையப் பால் வாங்கி முன் சீட்டுல வெச்சுக்கிட்டு வர்றேன். குறுக்கே ஒரு பூனை. பிரேக்கைப் பிடிச்சேன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தா, பாலைக் காணோம். வெண்ணெய்! உருண்டை உருண்டையா மிதக்குது."

"பால் தயிராகி, தயிர் மோராகி, அப்புறம்தானே வெண்ணெய்?" என்றார் வாத்தியார்.

"அதெல்லாம் மெதுவா நிக்கற வண்டியில. தயிராக அதுக்கு நேரம் எங்கே இருந்துச்சு?"

"பூனை?"

"பூனைதான் பாவம். பயத்துல பின்னாடி நடக்கப் பழகிடுச்சு. இப்பவும் எங்க வீதியில வாலை முன்னாடி வெச்சுக்கிட்டுத்தான் போகுது."

கிட்டுச்சாமி பன்னை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். "டேய் வெள்ளிங்கிரி. சமதரையில எவன் வேணும்னாலும் நிறுத்துவான். நீ எங்களை ஏத்திக்கிட்டுப் போகப் போறது கோத்தகிரி. மலையில இறங்கறப்ப டிஸ்க் சூடேறும். சூடேறினா பிரேக் பிடிக்காது. நான் இருபது கொண்டை ஊசியை இடது கையில திருப்புனவன். என்கிட்ட வேண்டாம் உன்ற கதை."

அதுதான் சரியான கேள்வி. சரியான கேள்வி வந்தால் உண்மையான ஆள் பதறுவான். நான் டீயை ஒரு வாய் குடித்தேன்.

"கோத்தகிரிக்கும் போயிட்டு வந்துட்டேனே!"

"எப்போ?"

"போன மாசம். உங்ககிட்டச் சொன்னா ஏறியிருக்கவா போறீங்க? திரும்பி இறங்கறேன். தட்டப்பள்ளம் பக்கத்து வளைவு. முன்னாடி ஒத்தை யானை. ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கப் போகுது. நான் பிரேக்கைப் பிடிச்ச வேகத்தைப் பாத்து அதுவும் நின்னுடுச்சு, தூக்கின காலைக் கீழ வைக்காம. கார் மூக்குக்கும் யானை மூக்குக்கும் நடுவுல ஒரு வெற்றிலை போகும், பாக்கு போகாது."

"டிஸ்க் சூடாச்சா இல்லையா, அதைச் சொல்லு."

"சூடாச்சான்னா! நாலு சக்கரமும் உலைக்களம் மாதிரி ஜொலிக்குது. மலையில அன்னைக்கு நல்ல பனி. யானை மெதுவாக் காலைக் கீழ வெச்சு, தும்பிக்கையை நீட்டிக் குளிர் காய ஆரம்பிச்சுடுச்சு. அது போயி அதோட வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வந்துச்சு. அந்த வழியா வர்க்கி பிஸ்கட் சுட்டு விக்கறவன் ஒருத்தன் வந்தான். அடுப்புக்கு விறகு ஈரமா இருக்குதுங்கண்ணான்னு அழுதான். வர்க்கித் தட்டை டிஸ்க் மேல வைடான்னேன். வர்க்கி பொன்னிறத்துல பொரபொரன்னு வந்துச்சு. பனியெல்லாம் விலகி, கோடைக்காலம் வந்துடுச்சுன்னு நினைச்சுக் கீழேயிருந்து டூரிஸ்டுக கிளம்பிட்டாங்க."

"அண்ணா, அந்த வர்க்கியில எனக்கு ரெண்டு கொண்டு வந்திருக்கலாமில்ல?" என்றாள் சுலோச்சனா.

"கொண்டு வந்தேன் அம்மிணி. வழியில ஒரு பிரேக். மறுபடி மாவாயிடுச்சு."

கிட்டுச்சாமி என்னை முறைத்துப் பார்த்தான். "இம்புட்டு நல்லா நிக்கற வண்டி. நீ ஏண்டா தினமும் பேக்கரிக்கு நடந்து வர்றே? போன மாசம் முழுக்க உன்ற வண்டியை ரோட்டுல நான் ஒரு நாள் கூடப் பாக்கலையே?"

அடுப்பில் பால் பொங்கியது. கோழித் தீவன வாசனை என் மூக்கிலேயே அடித்தது.

"அதைச் சொல்ல வேண்டாம்னு இருந்தேன்," என்று குரலைத் தாழ்த்தினேன். "கேட்டதால சொல்றேன். இதுவரைக்கும் நான் பிரேக்கை முழுசா மிதிச்சது இல்ல. விரலால தொட்டேன், பாதியில பிடிச்சேன், அவ்வளவுதான். ஒரே ஒரு புதன்கிழமை, அவிநாசி ரோட்டு மேம்பாலத்துல, கொசு கடிச்சுதுன்னு காலை உதறினேன். பிரேக் முழுசா அமுங்கிடுச்சு. கார் நின்னுச்சு. மேம்பாலம் நின்னுச்சு."

"மேம்பாலம் எப்பவும் நிக்கறதுதானே?" என்றார் வாத்தியார்.

"அதுக்கு மேல நின்னுச்சு. பூமியே நின்னுச்சு வாத்தியாரே! சூரியன் உச்சியில அப்படியே தொங்குது. மேற்கே போலாமா வேண்டாமான்னு என்னையே பாக்குது. சுலோச்சனா, அன்னைக்கு நீ ஆத்தின டீ அந்தரத்துல முழ நீளத்துக்கு நின்னுச்சே, ஞாபகம் இல்ல?"

"புதன்கிழமையா? அன்னைக்குப் பால் வரலீங்ணா. கடை லீவு."

"பால் ஏன் வரல? பால் வண்டியும் நின்னு போச்சு, அதான்! நான் காலை எடுத்த பொறகுதான் பூமி சுத்த ஆரம்பிச்சுது. அந்த வாரம் ரெண்டு புதன்கிழமை. காலண்டர் கிழிக்கறவங்க யாரும் கவனிக்கல."

வாத்தியார் எழுந்தே விட்டார். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியது எல்லாம் அவர் கண்ணில் வந்து நின்றது. "பூமி நின்றால் என்ன ஆகும் தெரியுமா? நாம் அத்தனை பேரும் அதே வேகத்தில் கிழக்கே தூக்கி எறியப்பட்டிருப்போம்!"

"எறியப்பட்டோமே! சீட் பெல்ட் போட்டிருந்தது நான் ஒருத்தன்தான். வாத்தியாரே, நீங்க முன்னாடி எங்கே குடியிருந்தீங்க?"

"வடவள்ளி."

"அது மேற்கே இருக்கா கிழக்கே இருக்கா?"

"மேற்கே."

"இப்ப இருக்கறது கணபதியில. எப்படி வந்தீங்கன்னு நினைச்சீங்க?"

"என் மகன் இங்கே வீடு கட்டினான்!"

"அவனும் பறந்து வந்தவன்தானே."

வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். கிட்டுச்சாமிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"வாங்க வாத்தியாரே. இந்தப் பிரேக்கைப் பாக்காமப் போனா எனக்குக் கல்யாணச் சோறு செரிக்காது. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடலாம்."

"பரிசோதனை செய்யாமல் எதையும் மறுக்கக்கூடாது," என்று வாத்தியாரும் கிளம்பினார்.

என் வீடு அடுத்த வீதி. வாசலில் நாகமணி துவைத்த துணி வாளியோடு, சாய்ந்த கொடிக் கம்பத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். கொடிக் கயிற்றின் ஒரு முனை தென்னை மரத்தில். இன்னொரு முனை மண்ணில் கிடந்தது.

"வாங்க அண்ணா, வாங்க சார். தம்பி போன் பண்ணினான். லாரி சூலூர் தாண்டிடுச்சாம்," என்றாள் பொதுவாக.

நான் உறையை ஒரு இழுப்பு இழுத்தேன். வெயிலில் என் புலி தகதகத்தது. ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் நேற்றுத்தான் வைத்த மாதிரி ஈரம் காயாத அழகில் இருந்தன. சக்கரத்தின் இடைவெளியில் பெரிய டிஸ்க் பளபளவென்று மின்னியது. அதில் ஒரு கீறல் இல்லை.

"ஏறுங்க," என்று கதவைத் திறந்தேன்.

கிட்டுச்சாமி ஏறவில்லை. பஸ் ஓட்டியவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியாக இருந்தாலும் சுற்றி ஒரு நடை நடந்து, ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்த்து, குனிந்து அடியில் ஒரு பார்வை பார்த்த பிறகுதான் ஏறுவான். இந்தப் பழக்கம் அவனுக்கு இருப்பது எனக்குத் தெரியும். பேச்சு வேகத்தில் மறந்துவிட்டேன்.

முதல் டயரைத் தட்டினான். குனிந்தான். இரண்டாவது. குனிந்தான். நான்காவது டயருக்குக் குனிந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அங்கிருந்தே குரல் வந்தது.

"வெள்ளிங்கிரி. ஆயுத பூஜைக்கு வெச்ச எலுமிச்சம்பழமா இது?"

"ஆமா."

"நாலும் அப்படியே இருக்கே. ஒண்ணு கூட நசுங்கல. காஞ்சு கோலிக்குண்டு மாதிரி ஆயிடுச்சு."

வாத்தியாரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில், தப்பாகப் போட்ட கணக்கில் ஒரே ஒரு சிவப்புக் கோடு இழுத்து முடித்துவிட்ட நிம்மதி.

"பூஜையிலிருந்து வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை," என்றார். "சிக்னல், பூனை, யானை, பூமி…"

கிட்டுச்சாமி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். புலி உறுமியது. முதல் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, தென்னை மரத்திலிருந்து ஒரு காக்கா பறந்தது, நாகமணியின் வாளித் தண்ணீரில் வளையம் வளையமாக அலை ஓடியது. கார் மட்டும் ஆணி அடித்த மாதிரி இருந்தது. கிட்டுச்சாமி இஞ்சினை அணைத்தான்.

"பூஜையன்னைக்கு ஒரு தடவை மிதிச்சிருக்கே. அப்ப பிடிச்சது, விடவே இல்ல. அய்யாவு பிடிக்கறதுக்கு வேலை பாத்திருக்கான். விடறதுக்குப் பாக்க மறந்துட்டான்."

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் தலை குனிந்திருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"மறக்கலடா. நல்லா யோசிச்சுப் பாரு. ஒரு எலுமிச்சம்பழத்துக்காக மாசக்கணக்கா நிக்குது இந்த வண்டி. உலகத்துல வேற எந்த வண்டி நிக்கும்? பழத்துக்கே இப்படி நிக்குதுன்னா, மனுசனுக்கு எப்படி நிக்கும்?"

கிட்டுச்சாமி ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தான். பிறகு கையைப் பின்னால் நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

"வாத்தியாரே, தைரியமா ஏறுங்க. மருதமலையில நாம செஞ்ச சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கலாம். இதைவிடப் பத்திரமான வண்டி தமிழ்நாட்டுல இல்ல. இதுல உக்காந்து எவனும் சாகமாட்டான்."

வாத்தியார் செருப்பைத் துடைத்துவிட்டு ஏறி, சாய்ந்து உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் சீட் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்.

நான் நாகமணியைப் பார்த்தேன். அவள் உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தாள். நம்பி ஏறி உட்கார்ந்துதான் இருந்தார்கள். இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள்.

"தம்பி, லாரியைத் திருப்பிக்க. வண்டி இங்கேயே இருக்கட்டும். சொன்ன சொல் சொன்னதுதான்… ஆமா, ரெண்டு பேரும் ஏறி உக்காந்துட்டாங்க… இல்ல, எங்கேயும் போகல."

போனைச் செருகிவிட்டு, மண்ணில் கிடந்த கொடிக் கயிற்றின் முனையை எடுத்தாள். காரின் கதவுக் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். வாளியிலிருந்து ஈரச் சேலையை எடுத்து உதறி அதன் மேல் போட்டாள்.

"ஏனுங்க, நகராதில்லீங்க?"

"நகராது," என்றேன்.

அன்று காலையிலிருந்து நான் சொன்னதிலேயே, காருக்குள் இருந்து இரண்டு பேரும் ஒரே குரலில் "அது சத்தியம்" என்று சொன்னது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.